சயன்ஸ் மியூசியத்துல பொண்ணு பாத்தாங்க

இல்லக்கா, சுத்திப் பாக்கப் போவல, பொண்ணு பாக்க. ஆமா, சயன்ஸ் மியூசியத்துலதான்! சிரிக்காதீங்க. சொந்தக்காரங்க நிக்காஹ்னு பெங்களூரு போனோம், மாப்பிள வூட்டுக்காரங்க அங்கயே பாத்துடலாம்னாங்க. நம்ம வூட்டுக்கு வந்து பஜ்ஜி தின்னுட்டு வேணாம்னா முடிச்சூர் ரோடு பூரா தெரிஞ்சிடும். மியூசியம்னா டிக்கெட்டோட போச்சு. ஏற்கெனவே மூணு எடம் தட்டிப்போச்சு, எனக்கு பயம் இருக்காதா?

அதோ ரயிலு கதவாண்ட நிக்கிறா பாருங்க, அவதான் என் பொண்ணு இரம். ஏர்போர்ட்ல ஃபிளைட் இன்ஜின் செக் பண்ற வேல. அவ கையெழுத்து போட்டாதான் ஃபிளைட்டு கெளம்பும். அத கேட்டுத்தான் மூணு பேரும் ஓடுனாங்க. அதனால இந்த தடவ பயோடேட்டால ஆபீஸ் வேலன்னு நானே மாத்திட்டேன். வாயத் தொறக்காத, எது சொன்னாலும் அப்படியான்னு மட்டும் கேளுன்னு பத்து தடவ சொல்லி கூட்டிம்போனேன்.

மாப்பிள பேரு அசார், கம்ப்யூட்டர் கம்பெனி. யா அல்லா, இன்னா பேச்சு! போர்ட மொதல்ல படிக்கிறாரு, அப்பறம் இவ பக்கம் திரும்பி, தானே கண்டுபுடிச்சாப்ல சொல்றாரு. இவளும் அப்படியா, அப்படியா. அவங்கம்மா? ஆள ஒல்லியா காட்டற கண்ணாடி ஒண்ணு கீது, அத வுட்டு நகரவே இல்ல.

கடைசில ஃபிளைட் இன்ஜின அறுத்து வச்சிருந்த எடத்துக்கு வந்தோம். அங்க மட்டும் போர்டு படிக்காமயே ஆரம்பிச்சிட்டாரு. பின்னாடி விசிறிதான் காத்த உள்ள இழுக்குதாம்! இவ மூஞ்சி செவந்து போச்சு. அப்பவும் அப்படியான்னா. எனக்குத்தான் பொறுக்கலக்கா.

அவளா? அவ எங்க சொன்னா! நான்தான். தம்பி, முன்னாடி இருக்கறதுதான் காத்த இழுத்து அமுக்கும், பின்னாடி இருக்கறது டர்பைன், சூட்டுக் காத்துல சுத்தி முன்னாடி இருக்கறத சுத்த வைக்கும்னு மூச்சு வுடாம சொல்லிட்டேன். நான் பத்தாவது ஃபெயிலு. ஆனா அவ பரீட்சைக்கெல்லாம் புக்க கைல வச்சிக்கினு ஒப்பிக்க சொன்னது யாரு? உங்களுக்கெப்படி தெரியும்னு அவங்கம்மா கேக்க, அவ வேல, பயோடேட்டால மாத்துனது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். சலாம் சொல்லிட்டு கெளம்பிட்டாங்க.

அது போவட்டும். ஃபோன்ல அவ அத்தாகிட்ட, அதான் எங்க வூட்டுக்காரருகிட்ட, தான்தான் வாய்க்கொழுப்புல பேசிட்டதா இவ பழிய ஏத்துக்கினாக்கா. அவரு இவள கண்டபடி திட்டறாரு, நான் பக்கத்துல வாயே தொறக்கல. தாம்பரம் வரப்போவுது, அவரு ஸ்டேஷன் வாசல்ல நிப்பாரு. பேசுனது நான்தான்னு சொல்லணும். ரெண்டே நிமிஷம், நீங்க கூட வந்து நிக்கிறீங்களாக்கா?