மெல்லிசு ஆயில்

— அந்த டின்னை வெளிய வை. என் ஷெட்டுக்குள்ள அது வரக் கூடாது.

— ஆயில் டின்தானேங்க. பாம்பையா பிடிச்சுக்கிட்டு வந்தேன்?

— பாம்புன்னா ஒரே போடா போட்டிருப்பேன். இது யார் கடை டின்? மேல ஒட்டியிருக்கிற சீட்டைப் படி. வளைவுல புதுசா ஷெட் போட்டிருக்கானே, அந்தக் கையுறைக்காரன் கடை. புருஷன் இருபத்திரண்டு வருஷமா மெக்கானிக். பொண்டாட்டி அடுத்தவன்கிட்ட போய் ஆயில் வாங்குறா. எழுதி வச்சுக்க, ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

— சிரிச்சா சிரிக்கட்டும். என் பிக்கப்புக்கு மெல்லிசு ஆயில் வேணும். நம்ம ராக்குல இருக்கிறது பூரா கெட்டி.

— நான் ஒண்ணும் சொல்லல தம்பி. ஆனா ராக்குல இல்லைன்னா உன் பொண்டாட்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கூடப் பொறந்தவ ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர்ல எதுக்கு உக்காந்திருக்கேன், ஈ ஓட்டவா?

— போன மாசமே கேட்டேன் அண்ணி. தம்பி சொல்லாம ஒரு நட்டுகூட வாங்க மாட்டேன்னீங்க.

— அது... சொன்னேன்தான். கேட்ட தோரணை அப்படி இருந்துச்சு.

— விடுக்கா. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. மெல்லிசு ஊத்துன்னு உனக்கு யாரு சொன்னா? அந்தக் கையுறைதானே?

— வண்டியோட வந்த புத்தகம் சொல்லுதுங்க. அஞ்சு, முப்பதுன்னு அச்சடிச்சிருக்கான். நீங்க ஊத்துறது இருபது, அம்பது.

— புத்தகம் எழுதுனவன் நாப்பது ட்ரே ரொட்டி ஏத்திக்கிட்டு மேடு ஏறிப் பாத்தானா? நாற்காலியில உக்காந்து எழுதியிருப்பான்.

— நம்பருக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். கல்யாணமான புதுசுல, இதோ இந்த டயர் மேல என்னை உக்கார வச்சு. முதல் நம்பர் குளிர்ல எப்படி ஓடும்கிறது, ரெண்டாவது நம்பர் சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்கிறதுன்னு. விடியக்காலம் சாவி போட்டதும் ஆயில் எஞ்சின் தலை வரைக்கும் ஏறணும், தேன் சீக்கிரம் மாடி ஏறுமா தண்ணி ஏறுமான்னு கேட்டீங்க. எனக்கு மறக்கல.

— நல்லா ஞாபகம் வச்சிருக்கே. அது வேற வண்டி.

— இது அதைவிடப் புது வண்டி. இதுக்குப் போய் ஏன் தேனை ஊத்துறீங்க?

— யாரால ஊத்துனேன்? உன்னால. சத்தம் வருது, சத்தம் வருதுன்னு ஆறு மாசமா உயிரை எடுத்தே. சத்தத்தை அமுக்கக் கெட்டிதான் மருந்து. நாப்பது ஊத்துனேன். அப்பவும் வருதுன்னே. அம்பது ஊத்துனேன். இப்ப நின்னு போச்சு.

— நிக்கலைங்க.

— நின்னு போச்சு. நான் கேட்டேன். இந்தத் தெருவுல என் பேரு என்ன?

— காது.

— சத்தமா சொல்லு.

— காது மெக்கானிக்.

— கண்ணைக் கட்டிவிட்டா, தெருமுனையில வர்ற வண்டிக்கு எந்த பேரிங் போச்சுன்னு சொல்றவன் நான். எழுதி வச்சுக்க. என்கிட்ட வந்து சத்தம் நிக்கலைங்கிறே.

— சரி, இருக்கட்டும். போன வாரம் மேட்டுல வண்டி இழுக்கல. ஒன்பது கடைக்கு ரொட்டி லேட்டாப் போச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்கறேன்னுட்டார் பேக்கரிக்காரர். எஞ்சின் போயிடுச்சுன்னா என் பிழைப்பும் அதோட போயிடும். நீங்க ஊத்த வேண்டாம், நானே ஊத்திக்கறேன். அவர் எவ்வளவு ஊத்தணும்னுகூடக் குறிச்சுக் கொடுத்திருக்கார்.

— அவரா?

— என்னங்க?

— அவரு, கொடுத்திருக்காரு. கேட்டியாக்கா? நேத்து வரைக்கும் அந்தப் பையன். இன்னைக்கு அவரு. நாளைக்கு என்ன, மாலை போட்டுக் கும்பிடப் போறாளா?

— நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவன் பளிச்சுனுதான் இருக்கான். கையுறை போட்டு வேலை செய்யறான் பாரு, நகத்துல ஒரு பொட்டு கிரீஸ் இல்லை.

— கையுறை போட்டவன் மெக்கானிக்கா? எஞ்சினைத் தொட அருவருப்புப்படுறவன் எஞ்சினுக்கு என்ன வைத்தியம் பாப்பான்? கண்ணாடி ரூமாம், ஃபேனாம், வர்றவங்களுக்குப் பீங்கான் கப்புல டீயாம். நீ குடிச்சே இல்ல?

— கொடுத்தாங்க, குடிச்சேன்.

— எத்தனை கப்பு?

— கணக்கு வச்சுக்கல. நீங்க எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து எவ்வளவு நாளாச்சு, அதுக்குக் கணக்கு இருக்கா?

— பாத்தியா, பாத்தியா! பேச்சு எங்க போகுது பாரு!

— தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கண்ணால பாத்ததைத்தான் உன்கிட்ட சொன்னேன். ஃபில்டர் வாங்க அந்தப் பக்கம் போனேன். கண்ணாடி ரூம்ல இவ உக்காந்திருந்தா, எதிர்ல அவன். அவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறான். இவளும் சிரிக்கிறா. ஏதோ அத்தை மகன்கூடப் பேசுற மாதிரி.

— அண்ணி, அவனுக்கு என் கடைசித் தம்பி வயசு.

— வயசைப் பத்தி நான் பேசவே இல்லையே.

— என்ன சொல்லிச் சிரிச்சீங்க? அதைச் சொல்லு. மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல. என்கூட நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை.

— அது ஒண்ணும் இல்லைங்க. விடுங்க.

— ஒண்ணும் இல்லாததுக்கா வயித்தைப் பிடிப்பான்? நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா உனக்கு? கடைத்தெருவுல எதிர்ல வந்தான். பல்லைக் காட்டிக்கிட்டு, "அண்ணே, கவலைப்படாதீங்க. இனிமே அக்கா நீங்க சொன்னதைக் கேப்பாங்க"ன்னான். என் வீட்டுக்குள்ள யாரு பேச்சை யாரு கேக்குறான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? என் அடுப்படி வரைக்கும் வந்துட்டானா அவன்?

— அப்படியா சொன்னான்?

— சிரிக்காதே! இதுக்கும் சிரிக்கிறியா?

— சிரிக்கலைங்க.

— உதடு போகுதே ஒரு பக்கமா. எழுதி வச்சுக்க, இதுக்கு ஒரு முடிவு கட்டாம நான் விடப் போறதில்லை. சாவியைப் போடு. ஸ்டார்ட் பண்ணு. சத்தம் இருக்கா இல்லையா, இப்பவே பாத்துடலாம்.

— வேண்டாங்க. அப்படியே பழைய ஆயிலை வடிச்சிடலாம்.

— நேத்துல இருந்து நிக்கிற வண்டி. குளிர்ந்த ஆயில் வடியுமா? அடியில அப்பிக்கிட்டு நிக்கும். ரெண்டு நிமிஷம் ஓடி இளகினாத்தான் அழுக்கோட இறங்கும். இதுகூட உன் அவரு சொல்லித் தரலையா?

— சரி, இருக்கட்டும். அண்ணி, கவுண்டர்ல யாரோ வந்த மாதிரி இருக்கு. போய்ப் பாருங்களேன்.

— யாரும் வரலையே.

— போன்கூட அடிச்ச மாதிரி இருந்துச்சு.

— எதுக்கு அக்காவை விரட்டுறே? அக்கா இங்கயே நிக்கட்டும். எனக்கு ஒரு சாட்சி வேணும். சத்தம் இருந்தா இந்த ஷெட்டை டூல்ஸோட அந்தக் கையுறைக்கு எழுதிக் கொடுத்துட்டு, அவன்கிட்டயே வண்டி கழுவப் போறேன். சத்தம் இல்லைன்னா அந்த டின்னை நீ கொண்டு போய் அவன் மூஞ்சியில வச்சுட்டு, இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வரணும்.

— சொல்லிட்டு வந்துடறேங்க. இப்பவே போறேன். வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

— ஏன் பயப்படுறே? பொய் வெளிய வந்துடும்னா? நகரு, சாவியை நான் போடறேன்... ம். வா, கிட்ட வா. பானெட்டுக்குப் பக்கத்துல நில்லு. எங்க சத்தம்? எங்க? பட்டுத் துணியில ஊசி ஓடுற மாதிரி ஓடுது. இந்த எஞ்சின் மேல கைப்புள்ளையைப் படுக்கப் போட்டா தூங்கிடும்.

— ஆமாங்க. சத்தம் இல்லை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நிறுத்திடுங்க.

— அப்படி வா வழிக்கு! ஆறு மாசமா இருந்த சத்தம் ஆறு செகண்டுல போயிடுச்சா? அக்கா, நீயும் ஒரு வார்த்தை சொல்லு. காதுல விழட்டும் இவளுக்கு.

— தம்பி...

— சொல்லுக்கா.

— நான் ஒண்ணும் சொல்லல.

— சொல்லிட்டு, ஆனான்னு ஒண்ணு போடுவியே. எங்க அது?

— அண்ணி, வேண்டாம்.

— நீ ஏன் அவ வாயை அடைக்கிறே? சொல்லுக்கா!

— தம்பி, உனக்கு நிஜமாவே கேக்கலையாடா? தையல் மெஷினை ஓட்டுற மாதிரி டிக்குடிக்குடிக்குன்னு அடிக்குதே. எனக்கு எஞ்சினைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது, எனக்கே பல்லு கூசுது.

— ரெண்டு பேரும் கூட்டா?

— நான் எதுக்குடா இவகூடக் கூட்டு சேரணும்? இவமேல எனக்கு என்ன அவ்வளவு பாசம்?

— அக்கா, விளையாடாதே.

— செத்துப்போன அம்மா மேல சத்தியமா அடிக்குதுடா.

— ஏங்க, அந்த நீளத் திருப்புளியை எடுங்க. நுனியை எஞ்சின் தலையில வைங்க. கைப்பிடியைக் காதுக்குப் பின்னால, அந்த எலும்புல.

— திருப்புளி எதுக்கு? காது இல்லாதவன் வைக்கிறது அது. நானே எத்தனை பேரைக் கிண்டல் பண்ணியிருக்கேன்.

— போன மழைக்காலத்துல இருந்து ஒரு வண்டி விடாம வைக்கிறீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என் வண்டிக்கு மட்டும் வைக்கிறதில்லை. நான் சத்தம்னு சொன்னா, வெறும் காதால கேட்டு எனக்குப் பதில் சொல்லணும்கிற வீம்பு உங்களுக்கு.

— கொடு... எங்க வைக்கணும்? இங்கயா?

— இன்னும் கொஞ்சம் மேல.

— ...அடப்பாவமே. டேப்பட் எல்லாம் காஞ்சு போய் அடிக்குது. மேல ஆயிலே ஏறலையே. இது எத்தனை நாளா?

— முதல்ல உங்ககிட்ட சொன்ன அன்னையில இருந்து.

— எடுத்தா இல்லை. வச்சா இருக்கு. எடுத்தா... இல்லை. அக்கா, இப்பவும் உனக்குக் கேக்குதா?

— கேக்குதுடா கண்ணு.

— நான் நிறுத்திடறேங்க. போதும்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— விடியக்காலம் எந்திரிக்க வாட்ச்சுல அலாரம் வைக்கிறேன்ல. உங்க தலைமாட்டுலதான் அது அடிக்குது. முன்னல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே போர்வையை இழுத்துப்பீங்க. இப்ப புரண்டுகூடப் படுக்கறதில்லை. பேசினா கேக்குது. வண்டி போனா கேக்குது. இந்த மாதிரி பொடிச் சத்தம்தான் விழறதில்லை.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— தெருவே உங்களைக் காதுன்னு கூப்பிடுது. அந்தப் பேரை நான் எப்படிங்க பிடுங்குவேன்? சும்மா ஆயிலை மாத்திடலாம், சத்தம் தானா நின்னுடும், யாருக்கும் தெரியாமப் போயிடும்னு நினைச்சேன். அண்ணி முன்னாடி இப்படி ஆகும்னு நினைக்கல.

— நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். இதுல ஆனா கிடையாது.

— இரு. இரு. இப்பத்தான் எனக்குப் புரியுது. அதுக்குத்தான் அவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான். காது மெக்கானிக்குக்குக் காது போயிடுச்சுன்னு நீ போய் அவன்கிட்ட சொன்னே. கண்ணாடி ரூம்ல உக்காந்து, டீயைக் குடிச்சுக்கிட்டு சொன்னே. இதுக்கு நீ அவன்கூட ஓடியே போயிருக்கலாம். எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

— ஏங்க...

— என்ன சொன்னே அவன்கிட்ட? ஒரு வார்த்தை விடாமச் சொல்லு.

— வண்டி வாசல்ல நுழையும்போதே அவன் கேட்டுட்டான். "என்னக்கா, இந்த அடி அடிக்குது, அண்ணன் கவனிக்கலையா?"ன்னான். "உங்க அண்ணன் மெல்லிசுதான் ஊத்தணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டார், நான்தான் எல்லாம் தெரிஞ்சவ மாதிரி அவருக்குத் தெரியாமக் கெட்டி ஆயிலை வாங்கி ஊத்திட்டேன்"னு சொன்னேன். "அண்ணன் மாதிரி ஆளை வீட்டுல வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமாக்கா?"ன்னு என் புத்தியை நினைச்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான். அவன் நம்பிட்டான்கிற நிம்மதியில நானும் சிரிச்சேன்.