கலகத்துக்கு நல்ல காலநிலை

மூண்டாந்தரமும் அதையே கேக்கிறீங்க மிதுஷன் தம்பி, நான் எப்ப கடலுக்குப் போறன் எண்டு. இருங்க, பிளேன்ரீயைக் குடிங்க, ஆறுது. றொசானா தாயோட கொட்டாஞ்சேனைக்குப் போயிட்டாள். வெள்ளவத்தையில இருந்து முகத்துவாரத்துக்கு ரெண்டு பஸ் மாறி வந்து, அவள்ட அப்பாவோடதான் கதைக்கோணும் எண்டா எனக்கும் பெருமைதானே!

அண்டைக்கு அந்தப் பம்பாய்க் கதை சொன்னீங்களே, வெள்ளைக்காரன்ட கடற்படையில பெடியள் கலகம் செய்தது. கம்பஸில படிப்புக்கு அதைத்தானே எழுதுறீங்க? மாசியில தொடங்கினபடியா வானம் வெளிச்சுக் கிடந்தது, பிளேன் தலைக்கு மேல வந்து பயங்காட்டிச்சு. ஆடி மழையில தொடங்கியிருந்தா பிளேனும் வராது, வேற கப்பலும் கிட்ட வராது, பெடியள் இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிச்சிருப்பாங்கள் எண்டீங்க. பிறகு நீங்களே, அந்த மழையில சனம் கரைக்குக் கொண்டுவந்த சாப்பாட்டையும் கப்பலுக்கு ஏத்த ஏலாது எண்டீங்க. அப்ப அவங்களுக்கு வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது எண்டு நான் சிரிச்சன்.

பம்பாய் வானம் அவ்வளவும் பாடம். இஞ்ச உள்ள வானத்தை ஒருக்கா நிமிந்து பாக்கேல்லயே! கடும் காத்து, ஒரு போட்டும் கடலுக்கு வெளிக்கிடக் கூடாது எண்டு நேற்றே அறிவிச்சிட்டாங்கள். வெள்ளிக்கிழமையும் நான் வீட்டிலதான்.

ஏன் முகம் கறுக்குது? சீனி காணாதோ?

சரி, கடல் நல்லா இருந்திருந்தா மட்டும் என்ன செய்திருப்பீங்க? சாட்சிக் கையெழுத்துக்கு ஆரைப் பிடிச்சீங்க? றெனால்டை. அவன் என்ட போட்டில இஞ்சின் பாக்கிறவனல்லோ! நான் கடலில எண்டா அவனும் கடலிலதானே. லீவு கேட்டு வந்து நிண்டான். ஏன்டா எண்டு ஒரு சொல்லுத்தான் கேட்டன், வெள்ளிக்கிழமை புதுக்கடையில கலியாண எழுத்து எண்டதுவரைக்கும் கொட்டீட்டான்.

எழும்பாதீங்க, இருங்க. எங்கட கத்தோலிக்க வீட்டுக்குச் சைவப் பெடியன் வேண்டாம் எண்டு நான் கத்தினதுதான். அண்டையில இருந்து மகள் என்னோட சரியாக் கதைக்கிறதில்ல. சோத்தைப் போட்டு வச்சிட்டு அங்கால போயிடுவாள். அது பெரிய வேதனை.

இந்தக் காத்து அடிக்காட்டி, பெத்த ஒரே பிள்ளை கையெழுத்து வைக்கேக்க நான் நடுக்கடலில வலை இழுத்துக்கொண்டு நிண்டிருப்பன்.

அதிருக்கட்டும் மகன், ரெண்டாவது சாட்சிக்கு ஆள் கிடைச்சிட்டுதோ? இல்லையெண்டா, வெள்ளிக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறன்.