பர்லியாரில் லிங்கசாமி என் செல்போனைப் பள்ளத்தில் எறிந்தது பற்றி

வாக்குமூலம்

பெயர்: சில்வஸ்டர். தகப்பனார்: சூசை (காலமாகிவிட்டார்). வயது: 58. முகவரி: ஸ்டாப் குவார்ட்டர்ஸ், வெண்பாறை எஸ்டேட், குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம். தொழில்: மேற்படி எஸ்டேட் பேக்டரி ஆபீசில் கிளார்க், தற்போது ஓய்வு. நாள்: 14.06.2024. பதிவு செய்தவர்: சார்பு ஆய்வாளர் திருமதி சுஜாதா.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி ஈவ்லினுடன் குடியிருந்து வருகிறேன். எங்கள் மகன் அலன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். 04.06.2024 அன்று பர்லியாரில் வைத்து, பிக்கப் வண்டி ஓட்டும் லிங்கசாமி என்னைத் தள்ளிக் காயப்படுத்தி, என் செல்போனைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டதாக அலன் நேற்று இந்த நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறான். லிங்கசாமி இன்று காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பிடுங்கி எறிந்ததை அவர் ஒத்துக்கொண்டதாகவும், ஏன் என்று கேட்டதற்கு மட்டும் "அது எங்களுக்குள்ளங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேசவில்லை என்றும் அம்மா அவர்கள் சொன்னீர்கள். அவர் சொல்லாததைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். அந்த மனிதர் மேல் வழக்குப் பதிந்தால் அது பெரும் பாவம்.

நான் கடந்த மார்ச் கடைசியில் ஓய்வு பெற்றேன். எஸ்டேட் வேலை முடிந்தால் எஸ்டேட் வீடும் முடிந்தது. மேனேஜர் நல்ல மனிதர், ஜூன் கடைசி வரை இருந்துகொள்ளுங்கள் என்று தவணை கொடுத்தார், அதற்கு நன்றி. அதற்குள் சொந்தமாக ஒரு வீடு பார்த்தாக வேண்டும். மேட்டுப்பாளையத்தில் மகனோடு இருக்கும் சாந்தாமணி டீச்சருக்கு அருவங்காட்டில் இரண்டு அறை கொண்ட ஒரு பழைய வீடு விலைக்கு இருந்தது. என் பி.எப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்தும் அவர் கேட்ட விலைக்கு மூன்று லட்சம் குறைந்தது. ஈவ்லின், கூட்டுறவு சொசைட்டியில் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். எனக்குக் கடன் என்றாலே பயம். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அதன் பிறகு தேர்தல் வந்தது. டீக்கடையில், பஸ்ஸில், கோயில் வாசலில் எங்கே நின்றாலும் ஒரே பேச்சுதான். தேர்தல் முடியட்டும், பெட்ரோல் ஏறும், கேஸ் ஏறும், சிமெண்ட் ஏறும், வீட்டு விலையைத் தொடவே முடியாது என்றார்கள். பேங்கில் கிடக்கும் பணம் வெயிலில் வைத்த வெண்ணெய் என்றார் ஒருவர். எனக்குத் தூக்கம் போயிற்று. பணத்தை எடுத்துக் கையில் வைத்திருக்கலாம் என்றாலும், தேர்தல் நேரத்தில் ரொக்கமாகக் கொண்டு போனால் செக்போஸ்டில் பிடித்துக்கொள்வார்கள் என்று பயம். அதனால் மொத்தப் பணமும் பேங்கிலேயே கிடந்தது. பேங்க் என் செல்போனில் கிடந்தது.

எங்கள் பேக்டரியில் டீ மேக்கராக, அதாவது தேயிலைத் தூள் தயாரிப்பைக் கவனிப்பவராக இருந்து எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற பிராங்ளின், ஷேர் மார்க்கெட்டில் இறங்கியிருந்தார். அவர்தான் என் போனிலும் ஷேர் வாங்கும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் யார் ஜெயிப்பார்கள் என்று கணிப்புச் சொன்னார்கள். திங்கட்கிழமை மார்க்கெட் குப்பென்று ஏறியது. அன்று நான் பயந்து பயந்து ஐம்பதாயிரம் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் ஈவ்லினுக்கு மாதம் வரும் சிறிய பி.எப். பென்ஷன் அளவுக்குக் கூடியிருந்தது. "பாத்தியா சில்வஸ்டரு, இதுக்குப் போயி முப்பத்தஞ்சு வருசம் பேரேடு எழுதினியே" என்று பிராங்ளின் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை.

இந்த இடத்தில் என் மடத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக் காலம் முழுக்கக் குன்னூர் டீ ஏலத்துக்குத் தேயிலை மூட்டைகளை லாட் லாட்டாக அனுப்பியவன். எங்கள் ஏலம் வாரம் ஒரு தடவை. அன்றைக்குச் சுத்தியல் தட்டிய விலை அடுத்த ஏலம் வரை நிற்கும். அதை நம்பி ஒரு வாரத்துக்குக் கணக்குப் போடலாம். ஷேர் விலையும் அப்படித்தான், திங்கட்கிழமை ஏறியது அடுத்த திங்கள் வரையாவது நிற்கும் என்று நான் நினைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள் அம்மா, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். டீ ஏலம் தெரியாத வெளியூர்க்காரன் எவனும் இப்படி நினைத்திருக்க மாட்டான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஓட்டு எண்ணும் நாள். சாந்தாமணி டீச்சரைப் பார்த்து அக்ரிமெண்ட் போட்டு, போன் மூலமாக அட்வான்ஸ் அனுப்புவதாகப் பேச்சு. லிங்கசாமி மேட்டுப்பாளையம் மண்டிக்கு முட்டைகோஸ் ஏற்றிக்கொண்டு போவதால் அவர் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். அவர் அன்னூர்ப் பக்கத்துக்காரர், மலைக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது, அன்றிலிருந்து எனக்குப் பழக்கம். காட்டேரி பூங்கா தாண்டியதும் போனில் டவர் போய்விட்டது. நான் போனை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "ஏப்பா, அதுல என்ன குலதெய்வமா இருக்குது, இத்தனை தடவை பாக்கற?" என்று கேட்டார். நான் மறுபடி போனைத் தூக்கிப் பிடித்தேன்.

பாதி வழியில் பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே டவர் கிடைத்தது. கடை டிவியில் ஓட்டு நிலவரம் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை சொன்ன கணிப்பு ஒன்று, அன்று வந்துகொண்டிருந்தது ஒன்று. ஆப்பைத் திறந்தால் எல்லாம் சிவப்பு. கண் முன்னால் நிமிஷத்துக்கு நிமிஷம் விலை சரிகிறது. அந்நேரம் பிராங்ளின் கூப்பிட்டு, "பயப்படாத, இப்பத்தான் சல்லிசு. நம்ம ஏலத்துல விக்காம நின்ன லாட்டை அமுக்குறவன்தான பணக்காரன் ஆனான்? மொத்தத்தையும் போடு. புரோக்கரே மேல கடன் குடுப்பான், நானும் வாங்கியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள உன் மூணு லட்சம் வந்துரும்" என்றார். கடன் என்றால் நடுங்குகிற எனக்கு, அன்றைக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தும் உறைக்கவில்லை. இத்தனை பெரிய சரிவு, நிச்சயம் திரும்பும் என்று தோன்றியது. வீட்டுக்காக வைத்திருந்த பணம் முழுவதையும் அந்த ஆப்புக்கு மாற்றுவதற்காக எண்களை அடித்து, கடைக்குப் பின்னால் பள்ளத்தின் ஓரமாகப் போய் நின்று, ரகசிய எண்ணைப் போடத் தொடங்கினேன்.

லிங்கசாமி டீ கிளாசோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "போனைக் குடு" என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். "எந்தக் காசு அது?" என்று கேட்டார். "என் காசு" என்றேன். "ஷேரும் தெரியாது, கீரும் தெரியாது எனக்கு. உம் மூஞ்சி தெரியும். ஊட்டி ரேஸ்கோர்ஸ்ல அலன் பள்ளிக்கூடக் காசைக் குதிரைமேல கட்டீட்டு நின்னயே, அதே மூஞ்சி. அன்னைக்கு பஸ்ஸுக்கு நான் காசு குடுத்தேன். இன்னைக்கு ஊட்டுக் காசை உட்டுப்போட்டு வந்தா நான் எங்கய்யா போறது குடுக்க? ஈவ்லினம்மாளை எந்தத் தெருவுல நிறுத்தப் போற?" என்றார். நான் அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். முதலில் தள்ளியது நான்தான், இதைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். அவர் ஒரே பிடியில் போனைப் பிடுங்கி, பலாமரங்களுக்கு மேலே பள்ளத்தில் வீசிவிட்டார். நான் அதைப் பிடிக்கப் பாய்ந்து, ஈரக்கல்லில் வழுக்கி விழுந்தேன், நெற்றியில் அடிபட்டது. அவர் என்னை அடிக்கவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்திழுத்து மேலே ஏற்றினார், இல்லாவிட்டால் போனுக்குப் பின்னாலேயே நானும் போயிருப்பேன்.

நான் அவரை அப்போது திட்டிய திட்டுகளை இங்கே எழுத வேண்டாம். கடைக்காரர்கள் வந்து விலக்கிவிட்டார்கள். லிங்கசாமி தன் துண்டை நனைத்து என் நெற்றியில் கட்டிவிட்டு, "திட்டினது போதும், வண்டில ஏறு. டீச்சர் காத்துட்டிருப்பாங்க" என்றார்.

அதன் பிறகு மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். சாந்தாமணி டீச்சரிடம், வழுக்கி விழுந்து போன் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். டீச்சர் மஞ்சள்தூள் கொண்டு வந்து காயத்தில் வைத்தார். அவர் மகன், தேர்தல் முடிந்ததும் விலை ஏறிவிடும், பத்து நாள் பொறுத்து விற்கலாம் என்று அங்கேயே சொன்னார். அதற்கு டீச்சர், "ஓட்டு எண்றதுக்கும் நான் குடுத்த வாக்குக்கும் என்னடா சம்பந்தம்? வியாழக்கிழமை செக் கொண்டாங்க சார், போதுங்க" என்றார். நான் வியாழக்கிழமை அட்வான்ஸ் செக் கொண்டு போய்க் கொடுத்தேன். குறைந்த மூன்று லட்சத்துக்கு ஈவ்லின் சொன்னபடியே சொசைட்டியில் கடன் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் வீட்டுச் சாவி வாங்குகிறோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் மார்க்கெட் இன்னும் பாதாளத்துக்குப் போனது. பிராங்ளின் கடனில் வாங்கிய பங்குகளை, மேற்கொண்டு பணம் கட்டவில்லை என்று புரோக்கர் அன்றைக்கே விற்றுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் மார்க்கெட் மறுபடி ஏறிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். ஏறியது உண்மைதான், நான் போட்ட ஐம்பதாயிரமும் அதில் மீண்டுவிட்டது. ஆனால் பிராங்ளின் கையில் அப்போது ஒன்றும் இல்லை. அவர் மகளுக்குச் சேர்த்திருந்த பணம் அது. நான் போய்ப் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்தார், "நீ பொழச்சுக்கிட்ட" என்று மட்டும் சொன்னார். அவருக்காக அந்தோணியாரிடம் மெழுகுவத்தி வைத்திருக்கிறேன். என்னையும் யாரும் பிடித்து நிறுத்தாதிருந்தால் நானும் அதே கட்டிலில்தான் படுத்திருப்பேன்.

நான் செய்த தவறு இதோடு முடியவில்லை. ஈவ்லினிடமும் அலனிடமும், வழுக்கி விழுந்து போன் பள்ளத்தில் போய்விட்டது என்றே சொன்னேன். அந்தப் போன் அலன் தவணையில் எனக்கு வாங்கிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவன் பர்லியார் கடையில் டீ குடித்தபோது, உங்க அப்பாவைப் பிக்கப்காரர் தள்ளிப் போனைப் பிடுங்கினார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் கேட்டான், நான் மழுப்பினேன். அப்பா பயந்துபோய் மறைக்கிறார் என்று அவன் நினைத்துப் புகார் கொடுத்துவிட்டான். பெற்ற பாசம், அவனையும் குறை சொல்ல முடியாது. லிங்கசாமி ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் காலையிலேயே வீட்டுக்குப் போயிருப்பார். சொன்னால் ஈவ்லினுக்குத் தெரிந்துவிடும், என் மானம் போய்விடும் என்று இத்தனை நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரை மரியாதையாக உட்கார வைத்திருந்ததற்கு அம்மா அவர்களுக்கும் நன்றி.

ஆகவே அவர் மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போனின் மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன். எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்றால் அது அந்த மனிதர் போட்ட பிச்சை.

இதைப் படித்துக் காட்டும் முன், என்னோடு வந்து வெளியே நிற்கும் என் மனைவியையும், பெஞ்சில் இருக்கும் லிங்கசாமியையும் உள்ளே கூப்பிடச் சொன்னேன். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே படிக்கப்பட்டது. ஈவ்லின் முழுவதையும் நின்றுகொண்டே கேட்டாள். ரேஸ்கோர்ஸ் பற்றிப் படித்தபோது ஒரு தடவை மட்டும் என்னைப் பார்த்தாள். முடிந்ததும் லிங்கசாமியின் பக்கம் திரும்பி, "ஏனுங்கண்ணா, காலைல இருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். "வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்று சொல்லி அழுதுவிட்டாள். இதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன், எழுதப்பட்டது.

இதில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடியே நான் சொன்னவை. யாரும் சொல்லிக் கொடுத்தோ பயமுறுத்தியோ சொல்லவில்லை. என் காதால் கேட்டு, சரியென்று கண்டு, என் மனைவி முன்னிலையில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சூ. சில்வஸ்டர்