ஒன்பது இஞ்சுச் சுவர்

உக்கார வரலடா. அந்த ஸ்டூலை இந்தப் பக்கம் தள்ளாத. முதுகு இருக்கிற லட்சணத்துக்கு நின்னே பேசிக்கிறேன். நீ லேத்தை ஓட்டு, எனக்கொண்ணும் இல்ல. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு இந்தச் சத்தமெல்லாம் ஒரு சத்தமா?

உன்கூட சமாதானம் பேச வந்தேன்னு நெனச்சுக்காத. ஆறு வருஷம் பேசாம இருந்தாச்சு, இன்னும் ஆறு இருக்கலாம். அப்பா வீட்டை ரெண்டாப் பிரிச்சு நடுவுல நீ சுவரு வச்சப்போ, அது என் பக்கம் மூணு இஞ்சு ஏறி வந்திருக்குன்னு சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன். அது வேற கணக்கு. இன்னிக்கு வந்தது ஒரே காரியத்துக்கு. உன் படுக்கையறைச் சுவத்துல நீ மாட்டி வச்சிருக்கிற நட்டைக் கழட்டு.

எந்த நட்டுன்னு புருவத்தைத் தூக்காதடா. சரி, முதல்லேருந்தே சொல்றேன். எனக்குக் காரணம் சொல்லித்தான் சண்டை போட வரும்.

டிஸ்க் நழுவி எட்டு மாசமாச்சு. கட்டில்ல படுத்தா இடது கால் மரத்துப் போகுது. தரையில படுத்தா எழுப்பி விட ரெண்டு ஆள் வேணும். டாக்டர் ஆபரேஷன்னார், நான் ஹம்மாக்குன்னேன், அதான் ரெண்டு பக்கமும் கட்டித் தொங்க விடுற துணிப் படுக்கை. சிரி, சிரி. உங்கண்ணியும் இந்த வயசுல தொட்டிலான்னுதான் சிரிச்சா. தொட்டில் வேற, இது வேற. வளைஞ்சு படுத்தா எனக்கு வலி விடுது, தூக்கம் வருது, அவ்வளவுதான் விஞ்ஞானம். ஆனா ஒரே உயரம் உதவாது. வலி இருக்கிற அன்னிக்குக் கால் பக்கம் ஒரு சாண் ஏறணும், இல்லாத அன்னிக்கு இறங்கணும். கடையில விக்கிறது கட்டினா கட்டினதுதான். அதான் நானே பண்ணினேன்.

முதல்ல கயிறு. முடிச்சு இறுகி, அறுத்துத்தான் எடுத்தேன். அப்புறம் சூட்கேஸ் பெல்ட்டு. பக்கிள் ஒடிஞ்சு நெத்தியில அடிச்சுது. அப்புறம் லாரியில சரக்குக் கட்டுற பட்டையை வாங்கினேன். பழைய குழாயைத் துண்டா அறுத்து வளையம் பண்ணி, பட்டையை ரெண்டு வளையத்துக்குள்ள விட்டு, ஒண்ணுக்குள்ள மட்டும் திருப்பி எடுத்தேன். இழுத்தா ஏறும், வளையத்தைச் சாச்சா இறங்கும், ஆள் படுத்தா அதுவே இறுக்கிப் பிடிக்கும். பிடிக்கணும். மத்தியானம் மெதக்கிற மாதிரி கண்ணை மூடினேன், முழிச்சப்போ தரையில கிடக்கிறேன். லிஃப்ட் மாதிரி நிதானமா இறக்கி விட்டிருக்கு. அடுத்த ஜோடியைச் சின்னக் குழாயில அறுத்தேன். எண்பது கிலோ மணல் மூட்டையை ஒரு நாள் முழுக்கத் தொங்க விட்டேன். ஒரு நூல் இறங்கல.

வளையம் பிடிச்சுது, கொக்கி அடிச்சிருந்த நம்ம நடுச்சுவரு பிடிக்கல. நீ சிக்கனம் பாத்து வாங்கின செங்கல்லாச்சே. மூணு தடவை கொக்கியோட பேந்து வந்துது. மூணு தடவையும் இதே முதுகுல விழுந்தேன்.

என்ன, மிஷினை நிறுத்திட்ட? ஏன், அந்தச் சத்தம் உன் பக்கம் கேக்கலையா? ஓ, கேட்டுதா. கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தியா. நல்லா இருடா.

அப்புறம்தான் நீளப் போல்ட்டுக் கொக்கி போட்டேன். அது உன் பக்கம் பொத்துக்கிட்டு வந்தது என் தப்புதான். கடையில கை தவறிப் பெருசா எடுத்துட்டேன், வச்சுக்கோ.

அன்னிலேருந்து அசையல. எல்லாம் என் வளையத்தோட மகிமைன்னு நெனச்சேன். முதுகு போனதுலேருந்து எனக்கு டிப்போவுல மேசை வேலைதானே, அங்க உக்காந்து பாடமே நடத்தினேன். எங்க மெக்கானிக் ஒருத்தன் இருக்கான், பீப்பாய்னு கூப்பிடுவோம், உடம்பைப் பாத்தா நீயும் அப்படித்தான் கூப்பிடுவ. அவன் ஒரு ஜோடி கேட்டு வாங்கிட்டுப் போனான். ஞாயித்துக்கிழமை மாட்டிப் படுத்திருக்கான், பாதிச் சுவரு மேல விழுந்திருக்கு. மறுநாள் அத்தனை பேர் முன்னால வளையத்தை என் மேசையில வச்சான். வளையத்துல ஒரு கீறல் இல்ல. அப்பதான் எனக்கு உறுத்துச்சு. அவன் வீட்டுல பேந்தது என் வீட்டுல ஏன் பேந்து வரல?

போய்க் கொக்கியைத் திருகினேன். திரும்பல. உங்கண்ணிகிட்ட சொன்னேன். துணி காயப்போடுற சாக்குல அவளும் உன் பொண்டாட்டியும் தினம் மாடியில பேசிக்கிறது நமக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்களே, அவ சாவகாசமா சொல்றா, உங்க தம்பி அன்னிக்கு சாயங்காலமே பிளேட்டு வச்சு ரெண்டு நட்டு போட்டு முடுக்கிட்டாரேன்னு. பிளேட்டு மூலையைக்கூட குத்தாம அரத்தால ராவி வச்சிருக்கியாமே.

யாருடா உன்னைக் கேட்டா? ஒருத்தன் உன் சுவத்தைத் துளைச்சு உன் தலைமாட்டுல இரும்பை நீட்டியிருக்கான். ரோஷம் இருக்கிறவன் என்ன பண்ணுவான்? வாசல்ல வந்து நின்னு, அறிவு இருக்கா உனக்குன்னு கேப்பான். நான் பத்து நாள் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு முன் ரூம்லயே உக்காந்திருந்தேன். நீ என்ன கேட்டா நான் என்ன சொல்லணும்னு ஒண்ணொண்ணா யோசிச்சு வச்சிருந்தேன். எல்லாம் வீணாப் போச்சு. நீ என்னடான்னா கமுக்கமா நட்டைப் போட்டுட்டு, சாப்பிட்டுப் படுத்துட்ட.

கழட்டு. விழுந்தா விழுந்துட்டுப் போறேன்.

என்ன? வாயைத் திறந்துட்டியா? ஆறு வருஷம் கழிச்சு அண்ணன்கிட்ட கேக்கிற முதல் கேள்வியைப் பாரு. போல்ட்டு என்ன நீளமாம்.

பதினாலு இஞ்சு. அஞ்சு உன் பக்கம் நீட்டிக்கிட்டிருந்திருக்கும், நீதான் வந்து கேக்கலையே. கையும் தவறல, ஒண்ணும் தவறல. அந்தச் சுவத்தை நாலு தடவை டேப் வச்சு அளந்து உன்கிட்ட சண்டை போட்டவன்டா நான். அது ஒன்பது இஞ்சுன்னு எனக்குத் தெரியாதா?