முதல் மிதி

உறங்காமல் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் அரங்கத் தலைவர் அவர்களே, அவர் உறங்கினால் எழுப்புவதற்கென்றே அருகில் அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, ஆன்றோரே, பிள்ளைகளை மடியில் அடக்கிக்கொண்டு என் பேச்சையும் பொறுத்தருளப்போகும் தாய்மார்களே, வணக்கம்!

ஊசி பிடித்துப் பழகிய கை இன்று ஒலிவாங்கி பிடித்திருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நடனக் குழுவுக்கு உடை தைப்பவள். கலைஞர்களைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி? அவர்களின் இடுப்பளவு தெரியும்; அது போதாதா?

சிரிக்காதீர்கள் அக்கா, உங்கள் அளவும் தெரியும்.

எங்கள் குழுவில் கலைகள் மூன்று. ஆடுபவர் என் அத்தை. மேளம் கொட்டுபவரை 'இடி' என்போம். பின்னால் துணி விரித்து ஆட்டத்தோடு சேர்ந்து வரைபவர் ஓவியர். மூவரும் கூடி ஓர் உன்னதச் சட்டம் இயற்றினார்கள்: யாரும் யாரையும் முந்தக் கூடாது! பாதம் தூரிகையைத் தொடரும். தூரிகை மேளத்தைத் தொடரும். மேளம் பாதத்தைத் தொடரும். என்ன பணிவு! என்ன பண்பு! ஒத்திகையில் அத்தை 'ஒன்று, இரண்டு' எண்ணித் தொடங்கிவைப்பார். "எண்ணுறதும் ஒரு அதிகாரம்தான்" என்றார் ஓவியர். அரங்கேற்றத்தன்று அதுவும் நின்றது.

அன்று முன்வரிசையில் நம் தலைவர். அவருக்கு ஆட்டம் பிடித்தால் இந்தக் கூடம் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் இது நாற்காலிக் கிடங்காகிவிடும். திரை விலகியது. அத்தை ஓவியரைப் பார்த்தார். ஓவியர் இடியைப் பார்த்தார். இடி அத்தையைப் பார்த்தார். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

"என்னப்பா, கரண்ட் போயிடுச்சா?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"உஷ்! இதாங்க நவீனம்," என்றார் செயலாளர்.

தலைவர் கிளம்புவதற்காகக் குனிந்து செருப்பைத் தேடினார்.

பக்கத்திரைக்குப் பின்னால் நான் அடுத்த காட்சிக்கான பாவாடையோடு தையல் மெஷின் முன் அமர்ந்திருந்தேன். மெஷின் சத்தம் கேட்கக் கூடாது என்பது அத்தையின் ஆணை. கூடம் கைநழுவுகிறதே! கத்தலாமா? சபையில் கத்திப் பழக்கமில்லை. ஓடலாமா? போக இடம் ஏது? தெரிந்தது ஒன்றுதான். தையல் மெஷினை மிதித்தேன்.

கடகடவென்றது மெஷின். சட்டத்தை மறந்து அதிர்ந்தது மேளம்! மேளம் கேட்டுப் பாய்ந்தது தூரிகை! தூரிகை கண்டு எழுந்தது பாதம்! தலைவர் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அத்தை வந்தார். "ஏன்டி, யாரைக் கேட்டு மிதிச்ச?"

"யாரையும் கேக்கல அத்தை. அதான் மிதிச்சேன்."

கூடம் கிடைத்தது. அந்த இரண்டு நிமிட மௌனம்தான் ஆட்டத்தின் உச்சம் என்று நாளிதழ் எழுதியது. அதை எங்கள் கலைஞர்களும் நம்பிவிட்டார்கள்! எனக்கும் பதவி உயர்வு: மெஷின் நான்காவது கலையாம். ஆகவே, இனி நானும் யாரையும் முந்தக் கூடாதாம்!

அன்பார்ந்தவர்களே, இன்றைய ஆட்டம் பத்து நிமிடம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். என் பின்னால் பாருங்கள்: மூவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். முன்னால் பாருங்கள்: தலைவர் குனிகிறார்.

ஐயா, செருப்பை விடுங்கள், உட்காருங்கள். பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி. சட்டம் மீறப்போகும் என் காலுக்கு உங்கள் மன்னிப்பு. மெஷினுக்குப் போகிறேன். வணக்கம்!