பின்வரிசை வெண்ணெய்

வெண்ணெயை ஃபிரீசரில் வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு தப்புச் செய்கிறார்கள், ஐயா. வாங்கி வந்த பொட்டலத்தை அப்படியே உள்ளே திணித்துவிடுகிறார்கள். பக்கத்தில் மீன் இருந்தால் அதில் மீன் வாடை ஏறிவிடும். நான் சின்னக் கட்டிகளாக வெட்டி, தாளில் சுற்றி, பைக்குள் போட்டு, காற்றைப் பிதுக்கிவிட்டுத்தான் வைப்பேன். பழையது முன்னால், புதியது பின்னால். எங்கள் வீட்டில் அந்த வரிசையை யாரும் கலைப்பதில்லை.

அந்த வெண்ணெயில்தான் என் ஓரகத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் செய்வாள். கொழுந்தன் அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து வீடே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நிலக்கடலை அவளுக்கு ஆகாது, வாயில் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சடைக்கும், உடனே ஊசி மருந்து போட்டால்தான் பிழைப்பாள் என்றார்கள். அன்றோடு வீட்டில் கடலை நின்றுபோனது. நான் ஆசையாகக் கொறிப்பது அது ஒன்றைத்தான். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் குறை சொல்லவில்லை, ஐயா.

ஒரு நாள் மாமியார் கேக்கை மென்றுகொண்டே, "சின்னவ கைப்பக்குவமே தனி. பெரியவளுக்கு எடுத்து வைக்கத்தான் தெரியும்," என்றார். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை வெண்ணெய் வாங்கியபோது, ஒரே ஒரு கட்டியில் நிலக்கடலையை மையாக அரைத்துப் பிசைந்தேன். இரண்டு சுற்றுத் தாள் சுற்றி, எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஞாயிற்றுக்கு ஞாயிறு அது தானாகவே முன்னால் வந்தது. எடுத்து எறிந்திருக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு வாரமும் மாமியார் ஏதாவது சொன்னார், நானும் ஃபிரீசரை மூடிவிட்டுப் போனேன்.

சாக்லேட் கேக்குக்கு மாவு கலக்கியதும் கரண்டியை வழித்து ருசி பார்ப்பது அவள் பழக்கம். அன்றும் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஊசி," என்றாள். அந்த ஊசி மருந்தை எடுத்து வைத்ததே நான்தான். வெண்ணெய் சுற்றிய தாள் மேடையில் கிடந்தது. அதை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, கையையும் கழுவிக்கொண்டுதான் எடுக்கப் போனேன்.

அவள் காரியம் முடிந்த பிறகும் மாமியார் எதையும் வாயில் வைக்கவில்லை. நானே ரொட்டியில் நல்ல வெண்ணெயாகத் தடவி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டப் போனேன். தட்டைத் தள்ளிவிட்டு, "சின்னவளக் கூப்பிடு," என்றார். அதைத் தாங்க முடியாமல்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன், ஐயா. இவ்வளவு செய்த பிறகும் அவளைத்தான் கேட்கிறார், பாருங்கள்.