வெட்டச் சொன்ன இடங்கள்

— சுரேந்தரு, என்னாய்யா போட்டிருக்க? ஸ்கிரீன்ல எவனோ பந்தியில ஜாங்கிரிய எடுத்து சட்டப் பையில போட்டுக்கிட்டு நிக்கிறான்!

— மெல்ல பேசுங்க பிரிசில்லா டீச்சர். ஜனங்க பாக்குறாங்க இல்ல.

— இது பட விழாய்யா! மூணாவது வருசம்! நோட்டீஸ்ல என்னா அடிச்சிருக்கோம்? காலையில பதினோரு மணிக்கு மெட்ராஸ் டைரக்டரு நேர்ல வந்து அவரு படத்தப் போடறாருன்னு…

— அவருதான் வரலையே. பஸ்சு புதுச்சத்திரத்துல பிரேக்டவுன்னு நீங்கதான ஓடியாந்து சொன்னீங்க? படமும் அவரு பையிலதான் இருக்குது. எதாவது போட்டு கூட்டத்த ஒக்கார வையின்னீங்க. வச்சிட்டேன்.

— எதாவதுன்னா… பிச்சாவரம், படகு, கொக்கு… அந்த மாதிரி போடுறது.

— கொக்க பாக்கவா கிள்ளையிலேருந்து வேன் புடிச்சு சிதம்பரம் வந்திருக்காங்க? அது அவுங்க ஊட்டு கொல்லையிலயே நிக்குது.

— வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல. மொத வருசம் டிவி பொட்டிய வச்சு காட்டுனோம், ஏழு பேரு. போன வருசம் பத்தொம்போது. அதுலயும் நாலு பேரு மழைக்கு ஒதுங்குனவங்க.

— இந்த வருசம் மண்டபம் ரொம்பிடுச்சு இல்ல?

— அதான்யா பயமா இருக்குது! இதுங்க பாதியில எழுந்து போச்சுன்னா அடுத்த ஆடிக்கு விழாவே கெடையாதுன்னு தலைவரு சொல்லிட்டாரு.

— ஆடியில முகூர்த்தம் கெடையாது. மண்டபம் சும்மா கெடக்குது, கல்யாண வீடியோ எடுக்கற நானும் சும்மா கெடக்கறேன், என் புரொஜக்டரும் சும்மா கெடக்குது. இத வுட்டா ஏது விழா? … டீச்சர், யாராவது எழுந்து போறாங்களா பாருங்க.

— இல்ல… ஆனா ஏன் இப்புடி வுழுந்து வுழுந்து சிரிக்குதுங்க?

— தாலி எடுத்து குடுக்கறப்ப ஐயரு தும்முறாரு பாருங்க. அபசகுனம், வெட்டுன்னாங்க. வெட்டிட்டேன். அந்தப் பச்சப் பொடவக்காரம்மா மூணு தடவ வரிசையில வந்து மூணு தடவையும் போட்டோவுக்கு நிக்கறாங்க. ஒண்ணு போதும்னாங்க, மிச்சத்த வெட்டிட்டேன்.

— எல்லாம் வெட்டுனதா?

— தொண்ணூத்தேழுலேருந்து பன்னெண்டு வருசம் டீச்சர். கேசட்ட போட்டுப் பாத்துட்டு, இத எடுத்துடு, அத எடுத்துடும்பாங்க. எடுத்துடுவேன். தூக்கிப் போடத்தான் மனசு வராது. எல்லாத்தையும் கோத்து நாப்பது நிமிசமா…

— இரு, இரு. வருசா வருசம் விழாவுக்கு ஒரு டிவிடி அனுப்புவியே… அதா இது?

— அதான்.

— பையில சும்மா கெடந்துதுன்னு சொன்ன?

— சும்மாதான கெடந்துது… மூணு வருசமா.

— அடப்பாவி! கல்யாண வீடியோக்காரன் எடுக்கறதெல்லாம் படமான்னு சுப்பராயலு சாரு வருசா வருசம் திருப்பி அனுப்புனது. அவருதான்யா தலைவரு! மொத வரிசையில ஒக்காந்திருக்காரு!

— பாத்தேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர். நடுவுல நிறுத்தாம ஒரே ஒரு தடவ கடைசிவரைக்கும் ஓடட்டும். அப்புறம் கமிட்டிய வுட்டே என்னத் தூக்கிடுங்க, போறேன்.

— ஊட்டுக்காரங்க சண்டைக்கு வந்தா? வெட்டச் சொன்னத ஊரு நடுவுல போடுறியே!

— ஊடு ஊடா போயி கேட்டுட்டேன். பரங்கிப்பேட்டையில ஒரு பாய் வீட்டுல சாப்புடாம அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. எல்லாரும் சரின்னாங்க. ஒரே ஒரு ஊட்டுலதான் அப்பாவ கேக்கல, பொண்ண கேட்டேன்.

— எந்த ஊட்டுல?

— இதோ… வருது பாருங்க.

— ஐயோ, இது சாரு பொண்ணு கல்யாணமாச்சே. அந்தப் பரங்கிக்கா மூட்டைக்கு நடுவுல… ஒக்காந்திருக்கறது சாரா?

— ம். தாலி கட்டி முடிச்சதும் ஆளக் காணும். தேடிக்கிட்டு சாமான் ரூமுக்குப் போனேன். துண்ட வாயில பொத்திக்கிட்டு அப்புடி அழுதாரு. கேமரா ஓடிக்கிட்டே இருந்துச்சு. 'வெட்டிடுய்யா, ஒருத்தருக்கும் தெரியக்கூடாது'ன்னாரு.

— பொண்ணு என்னா சொல்லிச்சு?

— எங்கப்பா எங்கிட்ட ஆசையா ஒரு வார்த்த பேசினதில்லண்ணே, இத மட்டும் வெட்டாதீங்கண்ணேன்னுச்சு.

— சுரேந்தரு… சிரிப்பு நின்னு போச்சுய்யா.

— ஆமா. என்னால பாக்க முடியல. நீங்களே பாத்து சொல்லுங்க.

— எழுந்துட்டாரு. போச்சு! சுவிட்ச் போர்டுகிட்ட போறாரு…

— நிறுத்தப்போறாரு. இன்னும் ஆறு நிமிசம்தான் டீச்சர் இருந்துச்சு… ஆறே நிமிசம்…

— இரு, பதறாத. அவரு… ஃபேன நிறுத்துறாரு.

— ஃபேனையா?

— எல்லா ஃபேனையும்! சத்தத்துல கேக்கலையாம். படத்துல அந்த ரூமுக்கு வெளியில பொண்ணு 'அப்பா எங்கம்மா, அப்பா எங்க'ன்னு தேடுது இல்ல? அதக் கேக்கணுமாம். எல்லாரையும் வாய மூடிக்கிட்டு ஒக்காரச் சொல்றாரு!

— நெசமாவா?

— கண்ணத் தொறந்து பாருய்யா! கண்ணுல தண்ணி ஓடுது, தொடைக்கக்கூட இல்ல. அவரு திரும்பி வந்து ஒக்காந்ததும், மண்டபத்துல பின்னாடி இருந்த அந்தப் பொண்ணே எழுந்து போயி பக்கத்துல ஒக்காந்துட்டுது. ஆடி வெக்கையில முந்நூறு பேரு ஃபேன் இல்லாம ஒக்காந்திருக்குது, ஒருத்தர்கூட அசையல.

— ஒருத்தர்கூடவா எழுந்து போவல?

— முடிஞ்சிடுச்சு. கை தட்டுறாங்க. கேக்குதா? எழுந்து நின்னு தட்டுறாங்கய்யா! சாரு ஒன்னத்தான் கூப்புடுறாரு. 'இந்தப் படத்த எடுத்தவரு எங்க'ன்றாரு. போ!

— படம்னா சொன்னாரு?

— படம்னுதான் சொன்னாரு. அழுவாதய்யா, லென்ஸ்ல சொட்டப்போவுது.

— போறேன் டீச்சர்… அந்த பஸ்சு மட்டும் ரிப்பேராவலன்னா இது நடந்திருக்குமா? அந்த டிரைவரு கையப் புடிச்சு ஒரு கும்புடு போடணும்.

— எங்கிட்டயே போட்டுடு. பிரிக்காம திருப்பிக் குடுத்துடுன்னு சாரு குடுத்த ஒன் டிவிடிய போன வாரம் ஊட்டுல பிரிச்சு நாலு தடவ பாத்தேன். அப்புறந்தான், மத்தியானம் வந்தா போதும்னு டைரக்டருக்கு போன் போட்டுட்டு, ஓடாத பஸ்ச என் வாயாலயே புதுச்சத்திரத்துல நிறுத்துனேன்.